கல்லில் எழும்பிய எழுத்து: செஞ்சிக் கோட்டையும் விரிமுனை எழுத்துருவும்

செஞ்சிக்குச் செல்வோர் முதலில் காண்பவை மலைகளே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதில்கள், களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் என அடுத்தடுத்து வரும் காட்சிகள் கண்ணை நிறைத்துவிடுகின்றன. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு மாறிய கோட்டை இது. 2025 ஜூலையில், 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. அத்தொகுதியில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை இதுவே.

மதிலையும் மலையையும் வியந்து நோக்கும் நாம், அங்குள்ள எழுத்துகளின் முன்னால் நிற்பதில்லை. நின்றாலும் அவை சொல்லும் செய்தியைத் தேடுகிறோமே அன்றி, அவற்றின் வடிவத்தை நோக்குவதில்லை. ஓர் எழுத்து ஏன் தடிக்கிறது, அதன் முனை ஏன் விரிகிறது, அவ்வடிவம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற வினாக்கள் அச்சுக்கோப்பாளருக்கு மட்டும் உரியவையல்ல. பள்ளிவாசலின் முகப்பிலும் நூலின் அட்டையிலும் மதரஸாவின் பெயர்ப்பலகையிலும் நாள்தோறும் எழுத்தைப் பயன்படுத்தும் ஒரு சமுதாயத்துக்கும் அவை உரியவை. அவ்வினாக்களைச் செஞ்சியிலிருந்து தொடங்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைக் கல்லெழுத்து

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்றொரு குன்று உள்ளது. சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்கள் அங்குப் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைக் குறிக்கும் சிறு கல்வெட்டு ஒன்றும் அங்கு உண்டு. கி.பி. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதாக அறிஞர்கள் கருதும் இக்கல்வெட்டு, பழந்தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த நிலையைக் காட்டுவதால் எழுத்து வரலாற்றில் தனியிடம் பெற்றது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையுமின்றிக் கோயில் குடைந்ததைப் பெருமையுடன் அறிவிக்கும் மகேந்திரவர்மனின் கல்வெட்டு உள்ளது. மொழியும் எழுத்தும் வேறாயினும் இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. இரண்டிலும் எழுத்து பாறைக்குள் இறங்கியிருக்கிறது. சிற்பி எழுத்தின் கோட்டையே உளியால் வெட்டினான். கல் அப்படியே நிற்க, எழுத்து பள்ளமாயிற்று.

இனிக் கோட்டைக்குள் வருவோம். 1698இல் சுல்பிகார் கான் நீண்ட முற்றுகைக்குப் பின் செஞ்சியை முகலாயருக்காகக் கைப்பற்றினார். பின்னர்ப் பொறுப்பிலிருந்த சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், நாட்டார் கதைப்பாடலின் தேசிங்குராஜன், 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் பொருது வீழ்ந்தார். மணவறையிலிருந்து போர்க்களத்துக்கு விரைந்து, தேசிங்கோடு உயிர்நீத்த முஸ்லிம் தோழரைப் பற்றி அப்பாடல் உருக்கமாகப் பேசுவதைத் தமிழுலகம் அறியும். அப்போருக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1717–18இல், ராஜகிரி அடிவாரத்தில் சாதத்துல்லா கானின் பள்ளிவாசல் எழுந்தது. பாரசீகக் கல்வெட்டுடைய பள்ளிவாசல் அது. (ஆண்டை இவ்வாறு இரட்டையாகக் குறிப்பதற்குக் காரணம், ஒரு ஹிஜ்ரி ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவி நிற்பதேயாகும்.)

தக்காணத்திலும் கர்நாடகப் பகுதியிலும் அக்காலத்தில் பொறிக்கப்பட்ட பாரசீகக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை புடைப்பெழுத்தாலானவை. இங்கே கல்தச்சன் எழுத்தை வெட்டுவதில்லை. எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டுகிறான். பின்புலம் தாழ, எழுத்து மேலெழுந்து நிற்கிறது.

கல்வெட்டாய்வாளர் எடுக்கும் மைப்படியில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தடவும்போது, உயர்ந்த பகுதி மையை ஏற்கிறது. தாழ்ந்த பகுதி வெண்மையாக நிற்கிறது. ஆகவே தமிழ்க் கல்வெட்டின் படியில் கருமைக்குள் வெள்ளெழுத்தையும், பாரசீகக் கல்வெட்டின் படியில் வெண்மைக்குள் கருப்பெழுத்தையும் காண்கிறோம். ஈய அச்செழுத்தும் இவ்வாறு உயர்ந்து நின்று மையை ஏற்பதே. அச்செழுத்து இடவலம் மாறியிருக்கும். கல்லெழுத்து நேராக இருக்கும். மற்றபடி புடைப்புக் கல்வெட்டை அச்செழுத்துக்கு மூத்த உடன்பிறப்பு எனலாம்.

ஓர் ஐரோப்பிய எழுத்துருவின் கதை

பின்புலத்தை அகற்றி எழுத்தை நிறுத்தும் இம்முறையே, இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தடித்த விரிமுனை எழுத்துரு ஒன்றைப் பிறப்பித்தது. அதன் பெயர் ஆல்பர்ட்டஸ். வடித்தவர் பெர்த்தோல்ட் வோல்ப் (1905–1989). ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் பிறந்த அவர், எழுத்தணிக் கலைஞர் ருடால்ப் கோக்கின் மாணவர். உலோக வேலையும் கற்றவர். வெண்கலப் பலகைகளில் அவர் செய்த எழுத்துகளைக் கண்ட ஸ்டான்லி மோரிசன், மோனோடைப் நிறுவனத்துக்காக அவற்றை அச்செழுத்தாக்கித் தருமாறு 1932இல் கேட்டுக்கொண்டார். பேரெழுத்துகள் 1935இல் வெளிவந்தன. சிற்றெழுத்துகளும் பிற வகைகளும் அடுத்த சில ஆண்டுகளில் தொடர்ந்தன. யூதரான வோல்ப், நாஜி ஆட்சியில் தொழில் செய்ய இடமின்றி 1935இல் இங்கிலாந்தில் குடியேறினார். பின்னர் ஃபேபர் பதிப்பகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட நூலட்டைகளை வடிவமைத்தார்.

அவ்வெண்கல எழுத்துகளும் புடைப்பெழுத்துகளே. எழுத்தின் விளிம்பை உட்புறமிருந்தன்றி வெளிப்புறமிருந்து செதுக்கும்போது, மெல்லிய நுனிகளும் கூரிய கொடுக்குகளும் நிலைக்கமாட்டா. கோடு திண்மையாக நிற்கவேண்டும். உரோமானிய எழுத்தில் கோட்டின் முடிவில் தனித்துறுப்பாகத் தெரியும் குறுக்குக் கட்டையைச் செரிஃப் என்பர். ஆல்பர்ட்டஸில் அத்தகைய தனித்துறுப்பு இல்லை. கோடு தன் இறுதியை நெருங்கும்போது இருபுறமும் மெல்ல அகன்று, மழுங்கலாக முடிகிறது. கோடு எங்கே முடிந்தது, முனை எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்ட இயலாது. இதனையே விரிமுனை என்கிறோம்.

அவ்விரிவு அணிக்காக மட்டும் அமைந்ததன்று. ஒரே அகலமுள்ள கோட்டைத் தொலைவிலிருந்து காணும்போது அதன் முனைகள் தேய்ந்து குறுகியதுபோல் கண்ணுக்குத் தோன்றும். முனையைச் சற்றே அகற்றினால் அக்குறை நீங்கி எழுத்து உறுதியாகத் தெரிகிறது.

ஆல்பர்ட்டஸ் என்ற பெயரிலும் நமக்கு ஒரு செய்தி உண்டு. அது பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட்டஸ் மாக்னஸை நினைவூட்டச் சூட்டப்பட்டது. இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் ஆழ்ந்து பயின்று, அவர்களோடு உடன்பட்டும் முரண்பட்டும் ஐரோப்பியச் சிந்தனையை வளர்த்தவர் அவர்.

நாணற்கோலும் உளியும்

முனை விரியும் எழுத்து ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. கெய்ரோவில் காக்கப்படும் ஹிஜ்ரி 31ஆம் ஆண்டின் கல்லறைக் கல்லில் எழுத்துகள் வெறுங் கோடுகளாகவே கீறப்பட்டுள்ளன. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் எகிப்தியக் கல்லறைக் கற்களிலோ, கூஃபி எழுத்தின் கோடுகள் ஆப்பு வடிவில் அகன்று முடிவதைக் காண்கிறோம். அவ்வகன்ற முனைகளே பின்னர் இலையாகவும் பூவாகவும் விரிந்து 'பூங்கூஃபி' எனும் அணியெழுத்துக்கு வழிவகுத்தன.

தாளில் எழுதியோரும் இதனை அறிந்திருந்தனர். அப்பாசிய அமைச்சரும் எழுத்தணி மேதையுமான இப்னு முக்லா (இறப்பு 940), நாணற்கோலின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாகக் கொண்டு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். தடிமன் என்பது எழுதுவோரின் மனப்போக்கன்று. கோலின் அகலத்திலிருந்து பிறக்கும் அளவு என்பதே அவர் முறையின் உட்கருத்து. துலுத் முதலிய பேரெழுத்து வகைகளில் அலிஃபின் தலையில் சிறியதோர் உறுப்பை இடுவர். அதற்குத் 'தர்வீஸ்', அதாவது தலையமைத்தல், என்று பெயர். அலிஃப் அத்தலையிலிருந்து இறங்கிச் சிறிது மெலிந்து செல்லும்.

செஞ்சிப் பள்ளிவாசலின் காலத்தில், இந்தியப் பாரசீகக் கல்வெட்டுகளில் நஸ்தலீக் எழுத்தே மேலோங்கியிருந்தது. மயிரிழையாய்த் தொடங்கி, நடுவில் தடித்து, மீண்டும் மெலிவது அதன் இயல்பு. தாளில் இயல்பாக வரும் அம்மெலிவு கல்லில் இடர் தரும். புடைத்து நிற்கும் மெல்லிய கோடு உளியின் ஓர் அதிர்வில் உடைந்துபோகும். எனவே எழுத்தர் தாளில் வரைந்து தந்த வடிவத்தை, அதன் ஓட்டம் கெடாமல் சற்றே தடிக்க வைப்பது கல்தச்சனின் பொறுப்பாயிற்று. எழுதியவர் ஒருவர், வெட்டியவர் மற்றொருவர். கோலுக்கும் உளிக்கும் இடையே நிகழ்ந்த அவ்வுடன்பாட்டை வெண்கலத்தில் வோல்ப் தனியொருவராய்ச் செய்துகொண்டார்.

இவ்விரு மரபுகளும் பின்னர் ஒரே நிறுவனத்தில் சந்தித்தன. மிர்ஸா அஹ்மத் ஜமீல் எழுதிய பல்லாயிரம் இணையெழுத்துகளைக் கொண்டு 1981இல் 'நூரி நஸ்தலீக்' கணினி எழுத்துருவை உருவாக்கியதும் அதே மோனோடைப் நிறுவனமே. அதுவரை ஈய அச்சுக்கு இணங்காத நஸ்தலீக் கல்லச்சையும் காதிபுகளின் கையையுமே நம்பியிருந்தது. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வெளிவந்த 'முஸல்மான்' உருது நாளிதழ், 2000ஆம் ஆண்டுகளிலும் காதிபுகளின் கையெழுத்திலேயே அச்சேறியதை உலகமே வியந்து நோக்கியது.

தடித்த எழுத்தின் இடம்

தடித்த விரிமுனை எழுத்து எங்கே பொருந்தும்? அதன் பிறப்பிலேயே விடை உள்ளது. புடைப்பெழுத்தை வெட்டுவது கடும் உழைப்பு. ஒரு சொல்லுக்காகச் சுற்றியுள்ள கல் முழுவதையும் அகற்றவேண்டும். ஆகவே சொல் சுருங்கியது. கட்டியவர் பெயர், ஆண்டு, இறைவனின் புகழ் ஆகியவற்றோடு கல்வெட்டு நின்றது. சில சொற்களே, ஆனால் நெடுங்காலம் நிற்பவை, தொலைவிலிருந்து படிக்கப்படுபவை. அவற்றுக்கே இவ்வெழுத்து ஏற்றது.

ஆல்பர்ட்டஸின் வாழ்வும் இதனை உறுதிசெய்கிறது. லண்டனின் பழைய நகரப் பகுதியான 'சிட்டி'யின் தெருப் பெயர்ப்பலகைகளில் அது வாழ்கிறது; நூலட்டைகளில் தலைப்பாயிற்று. நூலின் உள்ளே நெடும் பத்திகளை அதில் கோப்பார் அரிது. மெலிந்த விரிமுனைக்கு வேறு இடம் உண்டு. ஹெர்மன் சாப்ஃப், ஃபிளாரன்சு நகரின் சாந்தா குரோச்சே ஆலயத்துக் கல்லெழுத்துகளைக் கண்டு வரையத் தொடங்கி, 1958இல் வெளிவந்த ஆப்டிமா அத்தகையது. வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் மாண்டோரின் பெயர்கள் அவ்வெழுத்திலேயே பொறிக்கப்பட்டன. பல்லாயிரம் பெயர்களைத் தாங்கும் சுவருக்கு உரத்த எழுத்து ஆகாது என்பதை அத்தேர்வு உணர்த்துகிறது.

நம்முடைய சுவரொட்டிகளையும் சிறப்பு மலர்களையும் இவ்வளவுகோலால் நோக்கினால் குறை புலப்படும். தலைப்பும் தடிமன், துணைத்தலைப்பும் தடிமன், பேச்சாளர் பெயரும் தடிமன், இறைவசனத்தின் பொருளும் தடிமன். எல்லாரும் உரக்கப் பேசும் அவையில் எவர் குரலும் கேளாது. ஒன்று உயர்ந்து நிற்கவேண்டுமெனில் அதைச் சுற்றியுள்ளவை தாழவேண்டும் என்ற கல்தச்சனின் பாடம் தாளுக்கும் பொருந்தும்.

தமிழெழுத்தில் விரிமுனை

தமிழில் இதனைச் செய்வது எளிதன்று. நம் எழுத்து நெடுங்காலம் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. எழுத்தாணிக்கு அகலமில்லை; எனவே கோட்டில் தடிப்பு மெலிவு என்னும் வேறுபாடு இயல்பாகத் தோன்றவில்லை. அச்சு வந்தபின் மேலைநாட்டு முறையில் தடிப்பும் மெலிவும் புகுத்தப்பட்டன. ட, ப, ம போன்ற எழுத்துகளில் நேர்க்கோட்டின் முனையை விரிக்க இடமுண்டு. சுழியில் தொடங்கி வளைவில் முடியும் எழுத்துகளில் எதை விரிப்பது? மேலும், ண, ணை, ஐ, ஞ போன்றவற்றின் உள்வெளிகள் குறுகியவை. கோட்டைத் தடிக்கச் செய்தால் அவை அடைந்து எழுத்து கறையாகிவிடும். அகலத்தைக் கூட்டாமல் தடிமனை மட்டும் கூட்டும் எழுத்துருக்கள் இங்கேதான் தோற்கின்றன.

முஸ்லிம் தமிழுக்கு இதில் கூடுதல் இடர் ஒன்று உண்டு. ஹஜ், ஜும்ஆ, ஷரீஅத், ஸலாத், ஜனாஸா என நம் எழுத்தில் ஹ, ஜ, ஷ, ஸ ஆகிய கிரந்த எழுத்துகள் அடிக்கடி வருகின்றன. இவை சுழியும் மடிப்பும் மிக்கவை. பொதுத் தமிழில் அருகியே வருவதால் எழுத்துரு வடிப்போர் இவற்றில் போதிய கவனம் செலுத்துவதில்லை. விளைவு, நம் தலைப்புகளில் இவ்வெழுத்துகள் மட்டும் தனியே கறுத்துத் தெரிகின்றன. எழுத்துருவைத் தேரும் நம் பதிப்பாளர்கள் க, த, ப என்பவற்றைப் பார்த்து முடிவெடுக்காமல், முதலில் ஹ, ஜ, ஷ ஆகியவற்றை அச்சிட்டுப் பார்ப்பது நலம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடித்த 'கவிவாணர்', 'பவனம்' ஆகிய தமிழ் எழுத்துருக்கள் பொதுப் பயன்பாட்டில் உள்ளன. இத்துறை நம் இளைஞர்க்கு எட்டாததன்று என்பதற்கு அது சான்று.

மற்றொரு வழக்கையும் சுட்டவேண்டும். தமிழெழுத்தை அரபி போல் தோன்றும்படி வளைத்து, வாள்முனையும் புள்ளிகளும் சேர்த்து எழுதும் பெயர்ப்பலகைகள் பெருகியுள்ளன. அது அரபியும் ஆகாது, தமிழும் ஆகாது. நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுத விழைந்தபோது, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புதுக்குறியிட்டு, அரபுத்தமிழ் என்னும் முறையான எழுத்தமைப்பை உருவாக்கினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் அதில் நூல்கள் யாத்தனர். அது சிந்தித்துச் செய்த இணைப்பு. இன்றைய பலகைகளில் உள்ளதோ வெறும் வேடம்.

புள்ளி ஒன்று மறைந்தால்

எழுத்தின் வடிவம் அழகுக்கு மட்டும் உரியதன்று. அதில் செய்தியே அடங்கியிருக்கிறது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் இதற்குத் தக்க சான்று. 1795இல் எழுந்த அப்பள்ளிவாசலில் ஆண்டைக் குறிக்கும் தொடரை இயற்றியவர் நவாபின் முன்ஷியான ராஜா மக்கன்லால். ஓர் இந்துப் புலவர் அமைத்த சொற்கள் பள்ளிவாசலின் கல்லில் நிலைத்திருப்பது நம் மண்ணின் பெருமைகளுள் ஒன்று. இறைநினைவின் உயர்வைக் கூறும் அச்சிறு தொடரின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் உள்ள மதிப்புகளைக் கூட்டினால் 1209 வரும். அதுவே ஹிஜ்ரி ஆண்டு.

அத்தொடரின் முதலெழுத்தின் தலையில் ஒரு புள்ளி உண்டு. புள்ளியோடு அதன் மதிப்பு 700. புள்ளியில்லையேல் அது வேறெழுத்தாகி மதிப்பு 4 ஆகிவிடும். அந்த ஒரு புள்ளி மறைந்தால் 1209 என்பது 513 ஆகும். பள்ளிவாசல் ஏறத்தாழ எழுநூறு ஆண்டு மூப்படைந்துவிடும்!

இது வெறும் கற்பனையன்று. பல ஊர்களில் பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது, நல்லெண்ணத்தோடுதான், கல்வெட்டின்மேல் சுண்ணாம்பும் எனாமல் வண்ணமும் பூசுகிறோம். புடைப்பெழுத்தின் உயிர் அதன் விளிம்பில் உள்ளது. ஒவ்வொரு பூச்சும் பள்ளத்தைச் சிறிது நிரப்புகிறது, விளிம்பை மழுக்குகிறது. சில பூச்சுகளுக்குப் பின் புள்ளிகள் மறையும். விரிந்த முனைகள் உருண்டையாகும். பின்னர் ஒருவர் தூரிகையெடுத்துத் தாம் ஊகித்தபடி எழுத்துக்குப் பொன்வண்ணம் தீட்டுவார். அதற்குப்பின் நாம் படிப்பது முன்னோர் எழுதியதையன்று, வண்ணம் தீட்டியவரின் ஊகத்தையே. பாரசீகம் படித்தோர் அருகிவிட்ட இக்காலத்தில் பிழையைக் கண்டுரைப்பாரும் இலர். அரபி, பாரசீகக் கல்வெட்டுகளுக்கெனத் தொல்லியல் துறையின் தனிப்பிரிவு நாகபுரியில் உள்ளது. பூச்சுக்கு முன் ஒரு மைப்படியோ, குறைந்தது பக்கவாட்டு ஒளியில் எடுத்த தெளிவான நிழற்படமோ எடுத்துவைப்பது ஒவ்வொரு நிர்வாகக் குழுவுக்கும் இயலக்கூடிய கடமை.

செஞ்சிக்கு மீள்வோம். உலக மரபுச் சின்னமான பின் அங்குப் புதிய பெயர்ப்பலகைகள் எழும். காண வருவோரும் பெருகுவர். திருநாதர்குன்றின் வட்டெழுத்தையும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் பாரசீகத்தையும் ஒரே பயணத்தில் காணும் வாய்ப்பு அங்கு உண்டு. முன்னது உள்ளிறங்கிய எழுத்து, பின்னது எழும்பி நிற்கும் மரபினது. இரண்டின் வாசகத்தையும் தமிழில் பெயர்த்து, படிப்பதற்கேற்ற அடக்கமான எழுத்தில் அருகே நிறுத்தினால், போரிட்டோரின் கோட்டை என்று மட்டும் செஞ்சியை அறிந்தோர், எழுதினோரின் ஊராகவும் அதனை அறிவர். அப்பலகைக்குரிய செய்தியைத் திரட்டித் தருவது நம் கல்வி நிறுவனங்கள் ஏற்கத்தக்க பணி.

எழுதுகோலைக் கொண்டு கற்பித்தவன் என்று இறைவனைப் போற்றும் வேதத்தை உடையவர்கள் நாம். எழுதப்பட்டதைக் காப்பதும் அக்கல்வியின் பகுதியே. அடுத்த முறை தூரிகையோடு ஒரு பழங்கல்லின் முன் நிற்பவர், ஒரு கணம் கையை நிறுத்தி அதன் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பாராக.